யாரை உள்ளே விடுவது, யாரை எண்ணாமல் விடுவது

"ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் அல்லாதவர்களைத் தடுத்த கொள்கை 1973இலேயே போய்விட்டது. பூர்வகுடிகளின் நில உரிமை, அரசின் மன்னிப்பு, 2023 வாக்கெடுப்பு இதெல்லாம் அவர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் நடுவிலான பழைய வழக்கு. நேற்று விசா வாங்கி வந்த நமக்கு அதில் என்ன சம்பந்தம்?" இதுதான் கேள்வி. சிட்னி, மெல்பர்ன் தமிழ் வட்டங்களில் அடிக்கடி காதில் விழுகிற கேள்விதான். கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. இரண்டும் வேறு வேறு வரலாறு என்றே நினைக்கிறார்கள்.

என் பதில்: இரண்டும் ஒரே கொள்கையின் பகுதிகள். ஒரே ஆட்கள், ஒரே நாடாளுமன்றத்தில், சில மாத இடைவெளியில் எழுதியவை. மனிதாபிமானம், நன்றிக்கடன் என்றெல்லாம் போகாமல் சட்டப் பிரிவு எண்ணோடேயே இதைக் காட்டலாம்.

1902ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்திலிருந்து தொடங்குவோம். ஆஸ்திரேலியர்கள் பெருமையோடு சொல்லும் சட்டம் இது. பெண்களுக்கு நாடு தழுவிய தேர்தலில் வாக்களிக்கவும், நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடவும் சேர்த்தே உரிமை கொடுத்தது. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படித்தால் பெருமை பாதி இறங்கிவிடும். ஆஸ்திரேலியா, ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் ஆகிய இடங்களின் பூர்வீக மக்கள் யாரும் வாக்காளர் பட்டியலில் சேர முடியாது என்கிறது அது. நியூசிலாந்துக்கு மட்டும் விலக்கு. அங்கத்திய பூர்வகுடிகளான மாவோரிகளுக்கு 1867 முதலே நாடாளுமன்றத்தில் தனி இடங்கள் இருந்தன. நியூசிலாந்து என்றைக்காவது ஆஸ்திரேலியக் கூட்டாட்சியில் வந்து சேரும் என்ற நப்பாசையும் இருந்தது. அதற்கு முன்பே மாநில வாக்குரிமை பெற்றிருந்த சிலர் மட்டும் அரசியல் சட்டத்தின் 41ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு தப்பித்தார்கள். அந்தப் பிரிவுக்கும் அதிகாரிகள் மிகக் குறுகலாகவே பொருள் சொன்னார்கள்.

அதாவது அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பூர்வகுடி மனிதரையும், கப்பலில் வந்து ஊர் ஊராகத் துணி விற்ற ஓர் இந்தியரையும் ஒரே வாக்கியம் வெளியே தள்ளியது. இரண்டு பட்டியல் போடக்கூட அவர்கள் மெனக்கெடவில்லை.

இதற்கு ஒரு வருடம் முன்பு, 1901இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். 127ஆம் பிரிவு, நாட்டு மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக்கூடாது என்றது. 51ஆம் பிரிவின் 26ஆம் உட்பிரிவு, எந்த இனத்தவருக்காகவும் தேவைப்பட்டால் தனிச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை மத்திய நாடாளுமன்றத்துக்குக் கொடுத்தது. மாநிலங்களில் உள்ள பூர்வகுடி இனம் மட்டும் நீங்கலாக. அந்த விலக்கு சலுகை அல்ல. பூர்வகுடிகளை அடக்கி ஆளும் வேலையை மாநிலங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தன, அவர்களே தொடரட்டும் என்பதுதான் பொருள். இந்த உட்பிரிவின் குறி சீனர்கள், இந்தியர்கள், கரும்புத் தோட்டத்துப் பசிபிக் தீவுக்காரர்கள். பிறகு முதல் பிரதமரான எட்மண்ட் பார்ட்டன், நிறமுள்ள இனத்தவரின் விவகாரங்களை ஒழுங்குபடுத்த இந்த அதிகாரம் வேண்டும் என்று அரசியல் சட்ட மாநாட்டில் ஒளிவுமறைவு இல்லாமலே பேசியிருக்கிறார். இந்த உட்பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறுபத்தாறு வருடம் கழித்து இது தலைகீழாகப் புரளும்.

புதிய நாடாளுமன்றம் முதலில் நிறைவேற்றிய சட்டங்களில் ஒன்று, 1901 டிசம்பரில் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதில் நிறம் என்ற சொல்லே கிடையாது. வந்து இறங்குபவரிடம் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்கள் கொண்ட பகுதியை அதிகாரி வாசிப்பார், அவர் பிழையில்லாமல் எழுத வேண்டும். மொழியைத் தேர்ந்தெடுப்பது அதிகாரி. உங்களுக்கு ஆங்கிலம் நன்றாக வருமா, சரி, அப்படியென்றால் வேறு மொழியில் எழுதுங்கள். 1909க்குப் பிறகு இந்தத் தேர்வில் ஒருவர்கூடத் தேறவில்லை. 1934இல் செக்கோஸ்லோவாக்கிய எழுத்தாளர் எகோன் கிஷ்ஷை, அரசியல் காரணத்துக்காகத் தடுப்பதற்கு ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் சோதித்தார்கள். அவருக்குப் பல மொழிகள் தெரியும் என்பதால் அப்படித் தேட வேண்டியிருந்தது. அது சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழி ஆகாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததில் (அந்த நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு அதுதான் பெயர்) அரசின் மானம் கப்பலேறியது.

இந்த மொழித் தேர்வு யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து. கரும்புத் தோட்டங்களுக்கு மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களும் தெலுங்கர்களும், அவர்களைத் தொடர்ந்து போன குஜராத்தி வணிகர்களும் நேட்டாலில் பெருகியபோது, மேலும் இந்தியர் வருவதைத் தடுக்க 1897இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். அதே வருடம் ஜனவரியில்தான் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய காந்தியை ஒரு கும்பல் அடித்தது. பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்களை நிறத்தைச் சொல்லி ஒதுக்கினால் லண்டனுக்குச் சங்கடம், ஜப்பானுக்குக் கோபம். அதனால் குடியேற்ற நாடுகளின் அமைச்சர் ஜோசப் சேம்பர்லின், நேட்டால் வழியைப் பின்பற்றுங்கள் என்று மற்ற குடியேற்ற நாடுகளுக்கும் சொன்னார். ஆஸ்திரேலியா அப்படியே எடுத்துக்கொண்டது. ஆக, வெள்ளை ஆஸ்திரேலியாவின் கதவுக்கு அச்சு வார்த்த கதையில் நம் ஊர்க் கூலிகளும் இருக்கிறார்கள்.

அதே 1901இல் பசிபிக் தீவுத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1863 முதல் சுமார் 62 ஆயிரம் தீவுக்காரர்களைக் குயின்ஸ்லாந்து கரும்புக்காகக் கொண்டுவந்திருந்தார்கள். பலரை ஏமாற்றி, சிலரைக் கடத்தி. இப்போது அவர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள்.

உள்ளே இருந்தவர்களுக்கு நடந்தது இன்னும் மோசம். குயின்ஸ்லாந்தின் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும்: பூர்வகுடிகள் பாதுகாப்பு மற்றும் அபின் விற்பனைக் கட்டுப்பாட்டுச் சட்டம். சீனர்கள் பூர்வகுடித் தொழிலாளர்களுக்குக் கூலியாக அபின் சாம்பலைக் கொடுக்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். அப்படி நடந்ததும் உண்டு. ஆனால் சட்டம் செய்தது என்னவென்றால், பூர்வகுடி ஒருவர் எங்கே வாழலாம், யாரிடம் வேலை செய்யலாம், பின்னால் வந்த திருத்தத்துக்குப் பிறகு யாரைக் கல்யாணம் செய்யலாம் என்பதுவரை ‘பாதுகாவலர்’ என்ற அரசு அதிகாரியின் கையில் கொடுத்தது. அவர்கள் சம்பாதித்த கூலியைக்கூட அரசே வாங்கி வைத்துக்கொண்டது. அந்தப் பணத்துக்காகத் தொடுத்த கூட்டு வழக்கில் 2019இல்தான் 190 மில்லியன் டாலருக்கு உடன்பாடு வந்தது. மேற்கு ஆஸ்திரேலியா 1905இல் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டது. முத்துக்குளிக்கும் ப்ரூம் நகரில் ஜப்பானியர், மலாய்க்காரர் இல்லாமல் தொழில் நடக்காது என்பதால் அந்தத் தொழிலுக்குக் குடியேற்றச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள். அந்த ஆசிய ஆண்கள் பூர்வகுடிப் பெண்களோடு குடும்பம் நடத்துவதை மட்டும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். வந்தவனும் இருந்தவனும் ஒன்று சேர்ந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

இங்கே நம்மவர் ஒருவர் வருகிறார். கும்பகோணத்துக்கு அருகே வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. ஆங்கிலப் பேச்சுக்குப் பேர்போனவர். 1922இல் இந்திய அரசின் பிரதிநிதியாக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா மூன்றுக்கும் போனார். குடியேற்றக் கதவைத் திறக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு நாடும் தன் மக்கள்தொகையின் கலவையைத் தானே தீர்மானிக்கலாம் என்று பேரரசு மாநாடு ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தது. அவர் கேட்டது, அங்கே ஏற்கெனவே வாழ்ந்த இந்தியர்களுக்குச் சம உரிமை. அதற்குப் பலனும் கிடைத்தது. 1925இல் சட்டத்தைத் திருத்தி, பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்தவர்களுக்கு மத்தியத் தேர்தலில் வாக்குரிமை கொடுத்தார்கள்.

அந்த ஒரே வாக்கியத்திலிருந்து இந்தியர்கள் பெயர் மட்டும் கழன்றது. பூர்வகுடிகள் பெயர் அப்படியே நின்றது. அவர்கள் அனைவருக்கும் மத்திய வாக்குரிமை வந்தது 1962இல். மாநிலத் தேர்தலில் குயின்ஸ்லாந்து கடைசியாக வழிக்கு வந்தது 1965இல். கிட்டத்தட்ட நாற்பது வருட இடைவெளி. சாஸ்திரியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தன் ஆட்களுக்காகப் பேசத்தான் அவரை அனுப்பினார்கள். ஆனால் வந்தேறிகளுக்கு ஒவ்வொன்றாகப் பூட்டு திறந்ததும், பூர்வகுடிகளுக்கு அதே பூட்டு தொங்கிக்கொண்டே இருந்ததும் இருபதாம் நூற்றாண்டு முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கிறது. அதன் முதல் உதாரணத்தில் ஒரு தஞ்சாவூர்க்காரர் இருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு உதாரணமும் சொல்ல வேண்டும். 1938 ஜூலையில் நாஜிகளிடமிருந்து தப்பும் யூதர்களை யார் ஏற்பது என்று பிரான்சின் எவியான் நகரில் மாநாடு நடந்தது. எங்கள் நாட்டில் இனப் பிரச்சினை என்று ஒன்று இல்லை, அதை இறக்குமதி செய்ய விருப்பமும் இல்லை என்று அங்கே ஆஸ்திரேலியப் பிரதிநிதி பேசினார். இனப் பிரச்சினை இல்லையாம்! அந்த வருடம் ஜனவரி 26 அன்றுதான் பூர்வகுடித் தலைவர்கள் சிட்னியில் துக்க நாள் கடைப்பிடித்திருந்தார்கள், 1788இல் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து 150 வருடம் ஆனதற்காக. அந்தத் தலைவர்களில் ஒருவர் யோர்ட்டா யோர்ட்டா இனத்தைச் சேர்ந்த வில்லியம் கூப்பர். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். டிசம்பரில் அவருடைய சங்கம் யூதர்கள் மீதான வன்முறையைக் கண்டித்து மெல்பர்னிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு ஊர்வலமாகப் போனது. சொந்த நாட்டில் குடிமக்களாகவே மதிக்கப்படாதவர்கள், நாட்டின் வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்காகப் போனார்கள். தூதரகம் மனுவை வாங்கவில்லை.

போருக்குப் பிறகு கதை வேகம் எடுக்கிறது. 1945இல் குடியேற்றத் துறை உருவானது, ஐரோப்பிய அகதிகள் சுமார் 1,70,000 பேர் வந்தார்கள், பத்து பவுண்டு கட்டணத்தில் பிரிட்டிஷ்காரர்களைக் கப்பல் கப்பலாக வரவழைத்தார்கள். வந்தவர்கள் ஐந்து வருடத்தில் குடியுரிமை வாங்கலாம். அதே காலத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவில், 1944 சட்டத்தின்படி, பூர்வகுடி ஒருவர் தன் சொந்த மண்ணில் குடியுரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நெருங்கிய உறவுகளைத் தவிரத் தன் இனத்தாரோடு தொடர்பை முறித்துவிட்டேன், ‘நாகரிக’ வாழ்க்கை வாழ்கிறேன் என்று நீதிபதி முன் நிரூபிக்க வேண்டும். கொடுத்ததைப் பறிக்கவும் முடியும். அந்த அட்டைக்குப் பூர்வகுடிகள் வைத்த பெயர் நாய் லைசென்ஸ். 1971வரை அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது.

சொல் எழுதும் தேர்வு 1958இல் போனது. 1966இல் ஹரால்ட் ஹோல்ட் அரசு ஆசியர்களுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்தது, 1973இல் விட்லம் அரசு இனத்தைப் பார்ப்பதையே கைவிட்டது. கேள்வி கேட்டவர் சொன்ன ஆண்டு சரிதான்.

இப்போது அந்த 26ஆம் உட்பிரிவுக்கு வருவோம். 1967 மே 27 அன்று நடந்த வாக்கெடுப்பில் 90.77 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். பூர்வகுடிகளுக்கு அன்றுதான் ஓட்டுரிமை வந்தது, குடியுரிமை வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள், இரண்டும் தவறு. நடந்தது இரண்டே விஷயம். மக்கள்தொகைக் கணக்கிலிருந்து விலக்கிய 127ஆம் பிரிவு நீங்கியது. 26ஆம் உட்பிரிவிலிருந்து ‘பூர்வகுடி இனம் நீங்கலாக’ என்ற தொடர் நீங்கியது. சீனனையும் இந்தியனையும் அடக்க வார்த்த அதிகாரம் அப்படியே பூர்வகுடிகள் பக்கம் திரும்பியது. நல்லதற்குத்தான் பயன்படும் என்று வாக்களித்தவர்கள் நம்பினார்கள். ஆனால் ‘நன்மைக்காக மட்டும்’ என்று சட்டத்தில் எழுதவில்லை. 1998இல் ஹைண்ட்மார்ஷ் தீவுப் பாலம் தொடர்பான வழக்கில் இந்தக் கேள்வி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நன்மைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் உறுதியாகச் சொல்லவில்லை. இனத்தின் பெயரால் தனிச் சட்டம் இயற்றும் அந்த அதிகாரம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஒன்றுக்கொன்று கைகொடுத்த இடமும் உண்டு. 1975இன் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம், வெள்ளைக் கொள்கையைக் கைவிட்ட அதே அலையில் வந்தது. இன்று வேலையிலோ வாடகை வீட்டிலோ பாகுபாடு நடந்தால் நாம் நீட்டுகிற சட்டம் அது. இதுதான் மாபோ வழக்கையும் காப்பாற்றியது. டாரஸ் நீரிணையின் மெர் தீவைச் சேர்ந்த எடி மாபோவும் மற்றவர்களும் நிலம் தங்களுடையது என்று வழக்குப் போட்டபோது, அப்படி ஏதாவது உரிமை இருந்தால் அது எப்போதோ செத்துவிட்டது என்று குயின்ஸ்லாந்து 1985இல் ஒரு சட்டம் போட்டுக் கதையை முடிக்கப் பார்த்தது. 1988இல் உயர் நீதிமன்றம் இனப் பாகுபாட்டுச் சட்டத்தைக் காட்டி அதைத் தள்ளியது. அதன் பிறகுதான் 1992 ஜூன் 3 தீர்ப்பு: பிரிட்டிஷார் வந்தபோது இது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற கதை செல்லாது. மாபோ அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

அந்தத் தீர்ப்புக்குச் சில வாரங்களுக்கு முன், 1992 மே மாதம், அதே நாட்டின் நாடாளுமன்றம் கம்போடியாவிலிருந்து படகில் வந்தவர்களைக் கட்டாயமாகச் சிறைவைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆட்சியில் இருந்தது இரண்டு நேரத்திலும் பிரதமர் பால் கீட்டிங்கின் அரசுதான். பின்னாளில் ஈழத்திலிருந்து படகில் வந்தவர்கள் அனுபவித்ததெல்லாம் அந்த வேரிலிருந்து கிளைத்தவை. நில உரிமை பற்றிப் பேசும்போது 1992ஐக் கொண்டாடுகிறவர்கள் அகதிகள் பற்றிப் பேசும்போது அதே வருடத்தை மறந்துவிடுகிறார்கள். எனக்கு இது எப்போதும் உறுத்தும்.

இரண்டு இழைகளும் நேருக்கு நேர் முட்டிக்கொண்ட வழக்கு 2020இல் வந்தது. பூர்வகுடி வம்சாவளி ஆண்கள் இருவர், ஒருவர் பப்புவா நியூ கினியில் பிறந்தவர், மற்றவர் நியூசிலாந்தில். சிறு வயதிலேயே ஆஸ்திரேலியா வந்தவர்கள், ஆனால் குடியுரிமை எடுக்கவில்லை. குற்ற வழக்கில் தண்டனை பெற்றதால் குடியேற்றத் துறை இருவரின் விசாவையும் ரத்து செய்து நாடு கடத்தப் பார்த்தது. ‘அந்நியர்’ பற்றிச் சட்டம் இயற்ற 51ஆம் பிரிவின் 19ஆம் உட்பிரிவு தரும் அதிகாரம்தான் அரசின் ஆயுதம். அறுபதாயிரம் வருடத்துக்கும் மேலாக அந்த மண்ணில் இருக்கும் ஒரு மக்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர் அங்கே அந்நியர் ஆக முடியுமா? நான்குக்கு மூன்று என்ற கணக்கில் உயர் நீதிமன்றம் முடியாது என்றது. அரசு இதை மாற்றியமைக்க இன்னொரு வழக்கில் முயன்றது. 2022இல் ஆட்சி மாறியதும் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள்.

2023 அக்டோபர் வாக்கெடுப்பு பற்றி ஒரு வார்த்தை. நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு பூர்வகுடி அவை வேண்டுமா என்பது கேள்வி. சுமார் 60 சதவீதம் வேண்டாம் என்றது. ஆறு மாநிலங்களும் எதிர்த்தன. முந்தைய 2021 கணக்கெடுப்பின்படி பூர்வகுடிகள் 3.2 சதவீதம், வெளிநாட்டில் பிறந்தவர்கள் 27.6 சதவீதம். வீட்டில் தமிழ் பேசுபவர்கள் மட்டும் 95 ஆயிரத்துக்கு மேல். அதாவது, பூர்வகுடிகளுக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து குடியுரிமை எடுத்தவர்கள் இப்போது இருக்கிறார்கள், அவர்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில். நாமும் அதில் அடக்கம். எந்தப் பக்கம் வாக்களித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் "அது அவர்களுக்குள் உள்ள வழக்கு" என்ற வாதம் அந்தச் சனிக்கிழமையோடு காலாவதியாகிவிட்டது. நம் கையில் வாக்குச்சீட்டைக் கொடுத்துத்தான் கேட்டார்கள்.

இன்னும் குடியுரிமை எடுக்காமல் பி.ஆரில் (நிரந்தர வசிப்புரிமையில்) இருக்கிறீர்கள் என்றால், 2020 தீர்ப்பு உங்களைத் தொடாது. உங்களை ஆள்வது அந்த 19ஆம் உட்பிரிவு. குயின்ஸ்லாந்தின் பிலோயெலா ஊரில் வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் விடியற்காலையில் வந்து அழைத்துப்போனதும், கிறிஸ்துமஸ் தீவுவரை கொண்டுபோய் அடைத்ததும் அந்த அதிகாரத்தின் கீழ் இயற்றிய சட்டத்தால்தான். ஊர்க்காரர்கள் நான்கு வருடம் விடாமல் போராடியதில் 2022 ஜூனில் அவர்கள் வீடு திரும்பினார்கள். அடுத்த சில வாரங்களில் நிரந்தர விசா கிடைத்தது, அமைச்சர் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தியதால். சட்டம் மாறவில்லை.